பேச்சு வராத பிள்ளைக்கு வாய்ப் பயிற்சியா, படமா? ஒரு நாளின் 40 நிமிடத்தை எதற்குக் கொடுப்பது

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே நான்கு விசில், வளைந்த ஸ்ட்ரா ஒரு கட்டு, சோப்புக் குமிழி பாட்டில், கடிக்கக் கொடுக்கும் ரப்பர் குழாய், பேட்டரியில் அதிரும் ஒரு பிரஷ், தேன். மகளுக்கு நான்கு வயது நடக்கும்போது ஒரு தனியார் பயிற்சி மையத்தில் இதையெல்லாம் வாங்கச் சொல்லி, செய்முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம். உதட்டைச் சுற்றித் தேன் தடவி நாக்கால் நக்க வைக்க வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் விரல் விட்டு நீவ வேண்டும். விசில் 10 தடவை, குமிழி 10 தடவை, மெழுகுவர்த்தி 5 தடவை. வாய்க்குப் பலம் வந்தால் ஆறு மாதத்தில் சொல் வந்துவிடும் என்றார்கள்.

14 மாதம் செய்தேன். காய்ச்சல், கல்யாணம், ஆடியில் மாரியம்மன் பண்டிகை என்று விட்டுப்போன நாட்கள் உண்டு. மற்றபடி செய்தேன். அவளுக்கு இப்போது எட்டு வயது. அந்தப் பயிற்சியால் ஒரு சொல்லும் வரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா போன வாரம் ஃபோன் செய்து கேட்ட கேள்வி. பையனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம், பேச்சு இல்லை. "அக்கா, வாரம் மூணு நாள் சேலத்துக்கு இறங்கி வர எங்களால முடியாது. 20 வளைவு இறங்கி, 20 வளைவு ஏறணும். அன்னிக்குக் கூலி போயிடும். இந்த வாய்ப் பயிற்சிய நானே வீட்ல செஞ்சா போதுமா?" அவருக்கு ஃபோனில் சொன்னதை ஒழுங்காக எழுதி வைத்தால் இன்னும் சிலருக்கு உதவும் என்று தோன்றியது. நான் தெரபிஸ்ட் இல்லை. நான்கு வருஷமாகக் கேட்டு, படித்து, வீட்டில் செய்து பார்த்த ஒரு அம்மா.

அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. தாளில் உள்ள வாய்ப் பயிற்சியை வீட்டில் செய்வது. பேச்சுப் பயிற்சியாளரிடம் போய்ச் சொற்களையே நேரடியாகப் பழக்குவது. விளையாட்டும் பேச்சுமாகப் பிள்ளையோடு உட்கார்வது. படமோ ஃபோன் செயலியோ கொடுத்து, வாய் திறக்காமலேயே பேச வழி செய்வது. நான்கையும் செய்யலாமே என்று கேட்பீர்கள். நாங்கள் சிவதாபுரத்தில் கொலுசு வேலை செய்யும் குடும்பம். நான் வீட்டிலிருந்தபடி கொலுசுக்குச் சலங்கை கோர்த்துக் கூலி வாங்குகிறேன். 40 நிமிடம் என்றால் எத்தனை ஜோடி என்பது என் விரல்களுக்குத் தெரியும். நாளுக்கு ஒரு 40 நிமிடம்தான் மிஞ்சுகிறது, அதிலும் பிள்ளை ஒத்துழைப்பது பாதி நேரம். அதை எதில் போடுவது என்பதுதான் கேள்வி.

ஊதினால் பேச்சு வருமா

என் மாமனார் 40 வருஷம் ஊதுகுழல் பிடித்தவர். இப்போது பட்டறையில் கேஸ் வந்துவிட்டது. அவர் காலத்தில் விளக்குச் சுடரைக் குழலால் ஊதித்தான் வெள்ளி வளையங்களைப் பற்றவைப்பார்கள். கன்னம் இரண்டும் உப்பி நிற்கும். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் விடாமல் ஊதுவார், சுடர் நடுங்காது. பேத்தி விசில் ஊத மாட்டேன் என்று திமிறிய ஒரு மாலையில் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஊதுறதுக்கும் பேசுறதுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரிஞ்ச ஊமை ஒருத்தர் என்னவிட நல்லா ஊதுவாரு" என்றார். கூடவே பட்டறையில் இருந்த, காதும் கேட்காத பேச்சும் வராத ஒருவரைத்தான் சொன்னார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. நம்பிக்கையோடு செய்கிற காரியத்தைக் கலைக்கிறாரே என்று.

பிறகு படித்தபோது ஆராய்ச்சிக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரே தசை இரண்டு வேலைக்குப் பயன்படலாம். ஆனால் மூளை அதை ஓட்டும் விதம் வேலைக்கு வேலை மாறும். மெல்லும்போது தாடையை ஓட்டும் முறை வேறு, பேசும்போது ஓட்டும் முறை வேறு. ஒன்றில் பழகினால் மற்றொன்று தானாக வராது. பேச்சுக்குத் தேவைப்படும் பலமும் ரொம்பக் குறைவு. உதடும் நாக்கும் தங்கள் முழு பலத்தில் ஒரு சிறு பங்கைத்தான் பேசும்போது செலவழிக்கின்றன. தட்டுவடையைக் கடித்து நொறுக்கும் பிள்ளைக்கு 'ப' சொல்லப் பலம் போதாது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எனக்கு இது நன்றாகப் புரிந்த இடம் 'ம'. நாம் எல்லோரும் காத்திருக்கும் சொல் அம்மாதான். 'ம' சொல்லும்போது உதடு மூடி, காற்று மூக்கு வழியாகப் போகிறது. அதற்கு அண்ணத்தின் பின்பகுதி கீழே இறங்கி மூக்குப் பாதையைத் திறந்துவிட வேண்டும். விசில் ஊதும்போதோ அந்தப் பாதை மூட வேண்டும், இல்லையென்றால் காற்று மூக்கால் கசிந்துவிடும். நான் மகளுக்கு நாள்தோறும் பழக்கியது 'ம'வுக்கு நேர் எதிரான ஒரு செயல். மூக்கைப் பிடித்துக்கொண்டு அம்மா என்று சொல்லிப் பாருங்கள், புரியும்.

இந்தப் பயிற்சி நம் ஊரில் மட்டும் பரவியது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பேச்சுப் பயிற்சியாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பு ஒன்று 2008-ல் வெளியானது. 85 சதவீதம் பேர் இதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அதே காலத்திலிருந்தே பலன் உண்டா என்ற கேள்வியும் வலுத்தது. 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, பேச்சொலி சரியாக வராத குழந்தைகளுக்கு இந்தப் பயிற்சி உதவுகிறதா என்று நல்ல ஆய்வுகளைத் தேடியது. தேறியவை மூன்றே ஆய்வுகள், மொத்தம் 22 குழந்தைகள். உதவுகிறது என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை என்று முடித்தது. ஓரளவு பேசும் குழந்தைகளுக்கே நிலைமை இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆட்டிசக் குழந்தைக்குப் பேச்சு வராததற்குப் பெரும்பாலும் வாய்த்தசை காரணமே அல்ல. சொல்லின் பொருளைப் பிடிப்பது, அடுத்தவர் பார்ப்பதைச் சேர்ந்து பார்ப்பது, பார்த்துச் செய்வது, வாயசைவை மூளை திட்டமிடுவது என்று தடை எங்கெங்கோ இருக்கும். சிலருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். கன்னத்தை நீவினால் இவை எதுவும் அசையாது.

இழப்பு நேரத்தோடு நின்றிருந்தால்கூட இவ்வளவு சொல்ல மாட்டேன். வாயில் விரல் விடும் பயிற்சி என்பதால் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். சமையலறைக் குழாய்ச் சத்தம், பிறகு நான் கையை உதறும் சத்தம். நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ, நான் கை கழுவத் தொடங்கினாலே அவள் இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வாள். பாத்திரம் கழுவினாலும் அப்படித்தான். சோறு ஊட்டப் போனாலும் அப்படித்தான். வாயைத் திறக்க வைக்க நான் செய்த வேலை, அவளுக்கு வாயை மூடப் பழக்கியது. அதைச் சரிசெய்ய ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷமும் ஈரக்கையோடு அவள் பக்கம் போனதில்லை.

டப்பாவில் எதை வைத்துக்கொள்ளலாம்

வாயின் சொந்த வேலைகள் இருக்கின்றன: மெல்லுவது, உறிஞ்சுவது, விழுங்குவது, எச்சிலை உள்ளே வைத்துக்கொள்வது, பல் துலக்க இடம் கொடுப்பது. இவற்றில் சிக்கல் இருந்தால் வாய்ப் பயிற்சிக்கு இடம் உண்டு. ஆனால் அதையும் உணவை வைத்தே பழக்குவதுதான் சரி, காரணம் முன்பு சொன்னதேதான்: மெல்லப் பழக வேண்டுமென்றால் மெல்ல வேண்டும்.

என் மகள் ஐந்து வயது வரை குழைந்த தயிர்ச்சோறும் இட்லியும்தான். அப்படியே விழுங்குவாள். எங்கள் ஓ.டி. (அன்றாடச் செயல்களைப் பழக்கும் தெரபிஸ்ட்) ஒரு வழி காட்டினார். நீளவாக்கில் நறுக்கி வேகவைத்த கேரட்டை முன்பல்லுக்குக் கொடுக்காமல், கடைவாய்ப் பல் பக்கம் நீட்டிக் கடிக்க விடுவது. வலது பக்கம் இரண்டு கடி, இடது பக்கம் இரண்டு கடி, அவள் கையாலேயே. ஸ்ட்ராவில் மோர், முதலில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டிய ஸ்ட்ராவில். மூன்று மாதத்தில் மெல்லத் தொடங்கிவிட்டாள். இன்றைக்குக் கடைத்தெருவில் தட்டுவடை செட் வாங்கினால், நடுவில் உள்ள பீட்ரூட்டை ஒதுக்கிவிட்டு இரண்டு வடையையும் முடித்துவிடுவாள். எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டைக் காலரை மெல்லும் பிள்ளைக்கு அந்த ரப்பர் குழாயும் நல்லதுதான். அதை அமைதிக்காகக் கொடுங்கள், பேச்சுக்காக வேண்டாம்.

சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறினால், இருமினால், மார்புச்சளி திரும்பத் திரும்ப வந்தால் வீட்டில் எதையும் தொடங்காதீர்கள். முதலில் மருத்துவர் பார்க்கட்டும். அப்புறம், பிள்ளை தலையைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். தலையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லும் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

படம் கொடுத்தால் பேச்சு நின்றுவிடுமா

எனக்கும் இந்தப் பயம் இருந்தது. என் அத்தைக்கு இன்னும் அதிகம். "கையில படத்தக் குடுத்துட்டா வாயத் திறக்கவே வேண்டாம்னு இருந்துடுவா" என்பார். நியாயமான பயம்தான். ஆனால் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களிடம் படம், சைகை, கருவி ஆகியவற்றைத் தொடங்கியபின் பேச்சு என்ன ஆனது என்று 2006-ல் ஒரு தொகுப்பு ஆய்வு பார்த்தது. நம்பத்தக்கதாகத் தேறிய 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியது. பலருக்குக் கொஞ்சம்தான் கூடியது, அதையும் மறைக்கக் கூடாது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், மிகக் குறைவாகப் பேசும் 5 முதல் 8 வயது வரையான 61 ஆட்டிசக் குழந்தைகளுக்கு விளையாட்டு வழிப் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்குத் தொடக்கத்திலிருந்தே பேசும் கருவியும் சேர்த்துக் கொடுத்தார்கள். கருவியோடு தொடங்கியவர்களே தாமாகப் பேசியதில் முன்னால் இருந்தார்கள்.

யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. பேச முடிகிற பிள்ளைக்கு, பேச்சைவிட வேகமான வழி வேறில்லை. படத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பதைவிட 'தண்ணி' என்று சொல்வது எளிது. சொல்ல முடிந்தால் சொல்லிவிடும். முடியாத பிள்ளைக்குத்தான் படம் தேவைப்படுகிறது.

எங்கள் வீட்டில் முதலில் ஆறு படம்தான். தண்ணீர், தட்டுவடை, தூரி (ஊஞ்சல்), வெளியே, ஃபோன், அப்புறம் 'போதும்' என்று விரித்த கை. எல்லாம் எங்கள் வீட்டுப் பொருள்களை ஃபோனில் எடுத்து, கலர் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்தவை. அவளுடைய பச்சை டம்ளர், திண்ணை உத்திரத்தில் கட்டிய சேலைத் தூரி. கடையில் விற்கும் அட்டையில் இருந்த கண்ணாடி டம்ளர் படத்தை அவள் தண்ணீராக எடுத்துக்கொள்ளவே இல்லை.

இரண்டாம் வாரம் ஒரு மாலை, அப்போதும் நான் பழைய தாளை முழுதாக விடவில்லை, ரப்பர் குழாயைக் கடிக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஏழாவது கடியோ எட்டாவது கடியோ. அவள் தரையில் கிடந்த படங்களைப் பார்த்தாள். எழுந்து போய் விரித்த கைப் படத்தை எடுத்து வந்து, என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வயதில் என் மகள் என்னிடம் முதன்முதலாகச் சொன்ன சொல் 'போதும்'. நான் குழாயைக் கீழே வைத்தேன். அன்று இரவு அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்தவள் திரும்ப எடுக்கவில்லை.

படம் கொடுத்துப் பொருள் வாங்கும் முறையை 1985-ல் அமெரிக்காவின் டெலவேரில் உருவாக்கினார்கள். பெக்ஸ் என்பார்கள். முதல் கட்டத்தில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் எதிரே பொருளோடு உட்கார, இன்னொருவர் பிள்ளையின் பின்னாலிருந்து கையை நகர்த்தி உதவுவார். வீட்டில் நானும் என் கணவரும் செய்தோம். எதிரே இருப்பவர் "என்ன வேணும்?" என்று கேட்கவே கூடாது. கேட்டால், கேள்வி வரும் வரை பிள்ளை காத்திருக்கப் பழகிவிடும்.

ஃபோனும் டேப்லெட்டும் என்றால், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும். கட்டணம் உண்டு, கொஞ்ச நாள் இலவசமாகப் பார்க்கலாம். மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான ஜெல்லோ இலவசம். எதை எடுத்தாலும் முதல் நாளே சொற்களை உங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் பக்கம் ஊஞ்சல் என்று யாரும் சொல்வதில்லை, தூரிதான். செயலி 'ஊஞ்சல்' என்று சொன்னபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'வேண்டும்' என்பதை 'வேணும்' ஆக்குங்கள். பிள்ளை காதில் விழும் தமிழ்தான் அதன் கையிலும் இருக்க வேண்டும்.

பலர் தவறும் இடம் ஒன்று. படத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அது தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நாமும் படத்தைத் தொட்டபடி பேச வேண்டும். "தண்ணி ஊத்தட்டுமா" என்று கேட்கும்போது தண்ணீரைத் தொட வேண்டும். பேசும் குழந்தைகள் ஒரு வருஷம் கேட்ட பிறகுதானே ஒரு சொல் சொல்கின்றன? படத்துக்கும் அந்தக் காலம் வேண்டும். இன்னொன்று: சேட்டை செய்தாள் என்று டேப்லெட்டைப் பிடுங்கி வைக்காதீர்கள். அது அவளுடைய வாய்.

விளையாட்டும் பேச்சும்

இதற்குச் செலவே இல்லை. ஆனால் எப்படி என்று யாராவது சொல்லித்தர வேண்டும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 ஆட்டிசக் குழந்தைகளோடு நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. நிபுணர்கள் இல்லாத இடங்களுக்காக, சாதாரண சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குப் பழக்கினார்கள். பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்துச் சேர்ந்து பார்த்து, பிள்ளை கொடுக்கும் சிறு சைகையைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து நடப்பதும், பிள்ளை தானாகத் தொடர்பு தொடங்குவதும் கூடின. நம்மைப் போன்ற குடும்பங்களை வைத்தே நடந்த ஆய்வு என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஏற்காடு பஸ்ஸில். என் அண்ணி வீடு மேலே இருக்கிறது. பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதெல்லாம் மகள் 'ஊ...' என்று மெல்ல இழுப்பாள். முன்பெல்லாம் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் பார்க்கிறார்களே என்று "ச்சு" என்பேன். ஒரு தடவை அவள் இழுத்ததும் நானும் அதே மாதிரி 'ஊ...' என்றேன். திரும்பிப் பார்த்தாள். அடுத்த வளைவில் இழுத்துவிட்டு என்னைப் பார்த்துக் காத்திருந்தாள். அதற்கடுத்த வளைவில் நான் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். அவள் என் வாயைத் தொட்டாள். ஏரிக்கரை வருவதற்குள் வளைவுக்கு ஒரு 'ஊ' அவள், ஒரு 'ஊ' நான். விசிலில் 14 மாதம் தேடிய ஒலி அவளிடம் முன்பே இருந்தது. அவள் போடும் ஒலியை நாம் திருப்பிப் போடுவது, பிறகு காத்திருப்பது, தெரிந்த பாட்டைக் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துவது. இவ்வளவுதான் இந்த வழியின் அடிப்படை. பத்து எண்ணும் வரை வாயைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் நமக்குக் கஷ்டம்.

டவுனுக்கு வருவது எப்போது பயன்படும்

சில பிள்ளைகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும், அதற்கான வாயசைவை மூளை வரிசைப்படுத்துவதில் மட்டும் சிக்கல். அப்ராக்ஸியா என்பார்கள். ஒரு நாள் 'தண்ணி' என்று தெளிவாக வரும், பிறகு மாதக்கணக்கில் வராது. சொல்ல முயலும்போது உதடு தேடித் தடுமாறும். இப்படி இருந்தால் தேர்ந்த பேச்சுப் பயிற்சியாளர் கட்டாயம் வேண்டும். அவர் தாடையையும் உதட்டையும் தொட்டு வழிகாட்டுவார், அதுவும் ஒரு வகை வாய்ப் பயிற்சி மாதிரி தெரியும். வித்தியாசம், அங்கே பழகுவது உண்மையான சொல்: மா, போ, தா, வா. ஒரே சொல்லை ஒரு அமர்வில் எத்தனையோ தடவை. அதை வீட்டில் ஐந்து ஐந்து நிமிடமாகத் தொடர்வது நம் வேலை. 2006-ல் பேச்சில்லாத பத்து ஆட்டிசக் குழந்தைகளோடு நடந்த ஒரு சிறு ஆய்வில், இரண்டு வகைப் பயிற்சிகளை ஒப்பிட்டார்கள். அதில் ஒன்று இந்தத் தொட்டு வழிகாட்டும் முறை. பத்தில் எட்டுப் பேர் ஐந்தோ அதற்கு மேலோ சொற்கள் பேசினார்கள். சிறு ஆய்வுதான். ஆனாலும் சொல்லைப் பழக்கினால் சொல் வரலாம் என்று காட்டுகிறது.

வயது போய்விட்டதே என்று மனம் உடைய வேண்டாம். நான்கு வயதில் பேச்சு மிகவும் பின்தங்கியிருந்த 535 ஆட்டிசக் குழந்தைகளை எட்டு வயதிலும் அதற்குப் பிறகும் பார்த்தபோது 70 சதவீதம் பேர் சொற்றொடராகப் பேசினார்கள், 47 சதவீதம் பேர் சரளமாகப் பேசினார்கள். 2013-ல் வெளியான கணக்கு. மீதிப் பேருக்கு வரவில்லை. என் மகள் எந்தப் பக்கம் நிற்பாள் என்று காத்திருந்தபடி அவளுக்கு இன்றைக்குத் தாகம் என்று சொல்ல வழியில்லாமல் வைத்திருப்பது சரியில்லை.

அதனால், ஏற்காட்டுத் தங்கச்சிக்கு நான் சொன்னது. முதலில் காது. காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தாயிற்றா என்று பாருங்கள், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் முன் அது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்தில் குழந்தையைக் காட்டுங்கள், கட்டணமில்லை. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கியதும் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் வரும். வாரம் மூன்று நாள் வர வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், பேச்சுப் பயிற்சியாளரிடம் வந்து வீட்டில் செய்வதைக் காட்டித் திருத்திக்கொண்டு போங்கள். வரும்போது பையன் தானாகச் சத்தம் போடுகிற, எதையாவது கேட்டு அழுகிற இரண்டு நிமிட வீடியோ எடுத்து வாருங்கள். அறைக்குள் அவன் காட்டாததை வீடியோ காட்டும்.

40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கச் சொன்னேன். 20 நிமிடம் படம், அதையும் உட்கார்ந்து பாடமாகச் செய்யாமல் சாப்பாடு, குளியல், தூரி என்று நாள் முழுக்கச் சிதறலாக. 15 நிமிடம் தரையில் உட்கார்ந்து அவன் போக்கில் விளையாட்டு, அவன் ஒலிக்கு நம் ஒலி. மிச்சம் ஐந்து நிமிடம் சாப்பாட்டுத் தட்டில் மெல்லும் பழக்கம், அவனுக்கு அது தேவை என்றால் மட்டும். குமிழி ஊத அவனுக்குப் பிடிக்குமென்றால் ஊதட்டும், சிரிக்கட்டும். குமிழி தீர்ந்ததும் 'இன்னும்' படத்தைத் தொட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

அவர் கேட்ட வேறு சிலவற்றுக்கும் சுருக்கமாக. வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதால் பேச்சு வராது. தேனை ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குடலில் உண்டாக்கும் நச்சு ஆபத்தானது. நாக்குக் கட்டியிருக்கிறது, வெட்டினால் பேசிவிடுவான் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். நாக்குக் கட்டு சில ஒலிகளைக் குழப்பலாம், பேச்சே வராததற்கு அது காரணமாக இருக்காது. பிள்ளையின் கையையோ எழுத்துப் பலகையையோ ஒருவர் பிடித்துக்கொள்ள, பிள்ளை வாக்கியமாக எழுதுகிறது என்று சொல்லும் முறைகளிடமும் போக வேண்டாம். கையைப் பிடிக்கும் முறையில் எழுதுவது பிடித்திருப்பவர் மனம்தான் என்று சோதனைகள் காட்டிய பிறகு, அமெரிக்கப் பேச்சு மொழிச் சங்கம் 2018-ல் அவற்றுக்கு எதிராகவே அறிக்கை விட்டது. படம் எடுத்துக் கொடுப்பதில், தொடக்கத்தில் செய்யும் உதவியை விலக்கிய பிறகு பிள்ளையின் கை தனியாக நகர்கிறது, அதுதான் அடையாளம்.

புதிதாக யாரிடம் போனாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பயிற்சியில் என் பிள்ளை எந்த ஒலியை, எந்தச் சொல்லைப் பழகுகிறது? எத்தனை வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்துவீர்கள்? நான் அந்த மையத்தில் இந்த இரண்டையும் கேட்கவில்லை. பேச்சு வந்த பிறகு பார்க்கலாம், படம் இப்போதைக்கு வேண்டாம் என்று யாராவது சொன்னால், இன்னொருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மகளிடம் இப்போது ஃபோனில் 140 சொல், வாயில் நான்கு. 'ஊ' இன்னும் ஏற்காடு பஸ்ஸுக்குத்தான். 'ம்மா' போன தையில் வந்தது, தூக்கக் கலக்கத்தில், இரண்டு தடவை. பகலில் நான் வேண்டும் என்றால் ஃபோனில் என் படத்தைத் தொடுகிறாள். சமையலறையிலிருந்து "என்ன சாமி" என்று நான் குரல் கொடுத்தால், அடுத்த படத்தைத் தேட ஆரம்பிக்கிறாள்.